மகள் மிதித்த அரசாங்கக் கல்

என் கணவருக்குக் கல் என்றால் உயிர். ஆனால் ஒரு கல்லைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்மாய்க் கரையிலும் குடுமியான்மலைப் பக்கத்துப் பொட்டல்களிலும் உச்சிவெயிலில் சுற்றுவார். குனிந்து பார்ப்பார், போட்டோ எடுப்பார், கிடந்த இடத்திலேயே கிடக்கவிட்டு வந்துவிடுவார். "புறம்போக்குல கெடக்குற கல்லு கவர்மெண்டோடது. எடுக்க நாம யாரு?" என்பார்.

பக்கத்து வீட்டுப் பெண் பூச்செடியைச் சுற்றி அழகுக்கு வைக்க நாலு கூழாங்கல் பொறுக்கிவந்தாள். அதற்கு இவர் நடத்திய பாடத்தில் அவள் ரொம்ப நாள் எங்கள் வாசல் பக்கமே திரும்பவில்லை. அதே கண்மாயிலிருந்து டிப்பர் டிப்பராக மண் போகும். இவர் மனு எழுதுவார். மண் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், வேலை தலைக்கு மேல் கிடக்க, கண்மாயில் தூர் வாருகிறார்கள் என்று பார்க்கப் போய்விட்டார். ஜேசிபி அள்ளிப் போட்ட மண்ணில் ஒரு கல் கிடந்திருக்கிறது. மரக்கட்டையை அறுத்து வைத்தது போல வரிவரியாக ஓடிய தட்டைக் கல். எந்தக் காலத்திலோ மண்ணுக்குள் போன மரம் அப்படியே கல்லாக மாறியது என்று சொன்னார். அடுத்த தடவை இயந்திரம் திரும்பினால் நொறுங்கிவிடும். உடனே கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் போட்டார்.

"சார், நாளைக்கு ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் வாரேன். இப்போதைக்கு நீங்களே பத்திரமா எடுத்து வைங்க. திங்கக்கிழமை மியூசியத்துல ஒப்படைச்சிருவோம்" என்றார் அவர்.

உத்தரவு கிடைத்ததும் கல்லைத் துண்டில் சுற்றி, கார் டிக்கியில் வைத்துக்கொண்டு வந்தார். மகளுக்கு நகை எடுத்த அன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்க்கவில்லை.

கல்யாணம் பொன்னமராவதியில். அம்மி கொண்டுவர வேண்டியது தாய்மாமன், அதாவது என் தம்பி. துபாயிலிருந்து லீவில் வந்திருந்தவன் சென்ட், சாக்லேட், கம்பளி எல்லாம் கொண்டுவந்திருந்தான், அம்மியைத் தவிர. மண்டபத்து அம்மி விரிசல் விட்டுக் கிடந்தது. தாலி ஏறியாயிற்று. "அம்மி எங்கங்க? நேரம் போகுது" என்று ஐயர் அவசரப்படுத்தினார். தம்பி ஓடினான். ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான். மஞ்சளைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து மேடையில் இறக்கினார்கள்.

"அத்தான் கார்ல கெடந்துச்சுக்கா. தோதா இருந்துச்சு" என்று என் காதில் சொன்னான்.

என் கணவர் அதைப் பார்த்துவிட்டார். வாயைத் திறந்து என்னவோ சொன்னார். நாதஸ்வரக்காரர் அந்த நேரம் பார்த்து உச்சத்துக்குப் போயிருந்ததால் ஒருவர் காதிலும் விழவில்லை. மகள் வலது காலைத் தூக்கி அரசாங்கத்தின் மேல் வைத்தாள். மாப்பிள்ளை குனிந்து மெட்டி போட்டார். கூட்டத்தில் நின்ற கிராம நிர்வாக அலுவலரும் பூவும் அரிசியும் தூவி ஆசீர்வாதம் பண்ணினார்.

திங்கட்கிழமை காலை கார்ச் சாவியோடு கிளம்பியவரை நான் வாசலில் மறித்தேன்.

"கல்லு வீட்டை விட்டுப் போகாது."

"ஏம்மா, அது அம்மி இல்ல. கல்மரம். சட்டப்படி…"

"எம்மக மிதிச்சிட்டா. இனிமே அது அம்மிதான்."

பெண் மிதித்த அம்மியை வீட்டை விட்டு அனுப்பக் கூடாது என்பது எங்கள் குடும்பத்துப் பேச்சு. என் அக்கா மிதித்த அம்மியை, மிக்ஸி வந்துவிட்டதே என்று யாருக்கோ தூக்கிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே அவள் பெட்டியோடு திரும்பி வந்தாள். புருஷன் குடித்துக் குடித்து அடித்தான், அதனால் வந்தாள். அம்மிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? என் மகள் புதுத்தாலியோடு முகம் தெரியாத வீட்டில் இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

அவர் கிராம நிர்வாக அலுவலரிடம் முறையிட்டார். அந்த மனிதர் பிழைக்கத் தெரிந்தவர். "அம்மா சம்மதிச்சதும் ஒரு போன் அடிங்க சார், நான் கூட வாரேன்" என்று சொல்லிவிட்டு நழுவிக்கொண்டார்.

கல் பூஜை அறை மூலையில் உட்கார்ந்தது. இவர் கூடத்து மூலையில் உட்கார்ந்தார். சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அவர் சண்டையே போடவில்லை. நடக்கப் போவதை நிறுத்தினார். ஒரு நாள் கண்மாயிலிருந்து யாரோ சைக்கிள் கேரியரில் கல் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகவே போனார். இவர் பார்த்தார், பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, கவர்மெண்டு போகுது. கூப்பிட்டுச் சொல்லலையா?" என்று சீண்டினேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?" என்றார்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனிதரைக் கேலி செய்தே நான் காலம் தள்ளியிருக்கிறேன். இப்போது கேலி செய்ய அவரிடம் ஒன்றுமே மிச்சமில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. மகளை நினைத்தால் வந்த பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தோடேயே எழுந்து போய், "டிக்கியத் தொறங்க" என்றேன்.

கிராம நிர்வாக அலுவலர் முன்னால் பைக்கில் போக, நாங்கள் காரில் பின்னால் போனோம். மியூசியத்தில் இருந்த பெண் அதிகாரி கல்லை மேசைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே கிடைத்தது, எவ்வளவு ஆழம், யார் எடுத்தது என்று வரிசையாகக் கேட்டார். இவருக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. கரும்பலகை முன்னால் நிற்பவரைப் போல விளக்கினார். எனக்கும் நெஞ்சு லேசானது.

"இந்த இடத்துல மஞ்சளா இருக்கே, இது என்னங்க சார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அது வந்துங்க… எம் பொண்ணு…" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மகளைக் காரில் ஏற்றி அனுப்பியபோது சாப்பாட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், முன்பின் தெரியாத ஆபீசில் நின்று தோள் குலுங்க அழுதார்.

நான் ஒருத்திதான் அந்தக் கல்லை விட முடியாமல் கிடக்கிறேன் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.