காரம் குறைக்கச் சொன்னவர்கள் சொல்லாமல் விட்டது

இதை எழுதலாமா என்று சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். எழுதுவதில் பாவம் இல்லை, எழுதாமல் விட்டால்தான் பாவம் என்று மனதில் பட்டது. எழுதுகிறேன்.

எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரம் போய், மரவள்ளிக் காட்டில் நிற்க முடியாமல் மயங்கி விழுந்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றை அறுக்கவில்லை. தொப்புளிலும் அதைச் சுற்றியும் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கடவுள் புண்ணியத்தில் சீக்கிரமே எழுந்து நடந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்சு வந்து மூச்சு விடாமல் சொன்னாள். குடம் தூக்காதீங்க, காரம் கம்மி பண்ணுங்க, முக்கி வெளிய போவாதீங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க. எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. வார்த்தை வரவில்லை. "வேற எதுனா பத்தியம் இருக்குதாம்மா? வூட்டுக்காரரோட..." என்று இழுத்தேன்.

அவள் சிரித்துவிட்டாள். "பேரப்புள்ள எடுத்துட்டீங்க, இன்னும் இன்னாம்மா வேணும் உங்களுக்கு?"

பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள். எனக்கு மானமே போனது. என் மகளுக்கு சீக்கிரமே கல்யாணம் ஆனது, அதனால் நான் சீக்கிரமே பாட்டி ஆனேன். அதற்காக நான் என் புருஷனுக்குப் பெண்டாட்டி இல்லாமல் போய்விட்டேனா?

நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நைனார்பாளையத்தில் இருக்கும் என் பெரியம்மா மகளுக்கும் இதே ஆபரேஷன்தான். வெளிப்புண் ஆறியதும் எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்து அவளும் வீட்டுக்காரரும் சேர்ந்துவிட்டார்கள். உள்தையல் பிரிந்து, ரத்தம் நிற்காமல், வாடகைக் கார் பிடித்து ஓடினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும் என்று அதற்குப் பிறகும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இனிமேல் ஜென்மத்துக்கும் வேண்டாம் என்று இருந்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பிள்ளை பெற்றாலும் ஆபரேஷன் என்றாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பெண் தனியாகப் படுப்பாள். பெரியவர்கள் நாள் பார்த்து ஊற்றி, பூ வைத்துவிட்டால், அன்றைக்கே அவள் பாய் புருஷன் இருக்கும் அறைக்குப் போய்விடும். யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

என் மாமியார் ஒரு நாள் என் புடவையை விலக்கித் தொப்புளைப் பார்த்தார்கள். "பொட்டு மாதிரி ஓட்ட. அதுவும் மூடிக்கிச்சு. இன்னும் எத்தினி நாளிக்கு தனியா படுத்துக்கினு கெடப்ப? வர்ற வெள்ளிக்கெழம தலைக்கு ஊத்திடலாம்."

தொப்புளைப் பார்த்து உள்ளே ஆறிவிட்டதென்று சொல்லிவிட்டார்கள்! என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரலாம் என்றேன்.

"அத்தப் போயி எப்பிடி மே கேக்கறது?"

"என் வயித்துல கத்தி வெக்கச் சொல்லி கையெழுத்து போட்டீங்களே, அப்போ வெக்கம் எங்க போச்சு?"

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா அறை வாசலிலேயே ஆண்கள் வெளியே நிற்கணும் என்று அவரை நிறுத்திவிட்டார்கள். நான் உள்ளே போய், அவரையும் கூப்பிடுங்க என்றேன்.

"அவர் எதுக்கும்மா?"

"நான் கேக்க வந்தது அவரு இல்லாம ஆவுற காரியம் இல்ல டாக்டரம்மா."

டாக்டரம்மா அவரைக் கூப்பிடச் சொன்னார்கள். பிறகு, நல்லபடியாகவே சொன்னார்கள்.

"வெளிய சின்ன ஓட்டைதான். ஆனா கர்ப்பப்பையைக் கீழ் வழியா எடுத்து, அந்த வழியோட மேல் முனையை உள்ள தச்சிருக்கோம். அது ஆற ரெண்டு மாசம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட ஆகும். நான் சோதிச்சுப் பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் சேரக் கூடாது. அதுக்கப்புறமும் மெதுவா. உங்களுக்கு வலிச்சா நிறுத்திடணும். வறட்சியா இருந்தா அதுக்கு ஜெல் இருக்கு, எழுதித் தர்றேன். ரத்தம் பட்டாலோ, வலி நிக்கலன்னாலோ, தண்ணியா வாடையா பட்டாலோ, காய்ச்சல் அடிச்சாலோ அன்னிக்கே வந்துடணும்."

இவர் தலையைக் குனிந்தபடி கேட்டார். "பக்கத்துல படுக்கலாமாங்க? அதுக்கும் ஆவாதா?"

"தாராளமா படுங்க. அதை யார் வேணாம்னது?"

அவர் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஏன் டாக்டரம்மா, இத அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலையேம்மா. கேக்காம சொன்னா சில பேர் தப்பா எடுத்துப்பாங்க."

"காரம் சாப்புடாதன்னு நான் கேக்காமதான சொன்னீங்க?"

டாக்டரம்மா ஜெல்லுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் மாமியார் சீயக்காய் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு ஊத்திக்கறேன் அத்த, ஆனா மத்தது டாக்டர் சொல்ற அன்னிக்குத்தான் என்றேன்.

"அய்யய்ய! சாமி கும்புடற பொம்பள பேசற பேச்சாடி இது?"

நான் விடவில்லை. எங்கள் சிவன் கோயிலில் தினமும் கடைசி பூஜைக்கு சாமியை அம்மனோடு பள்ளியறையில் சேர்த்து, பால் வைத்து, பாட்டுப் பாடிக் கதவைச் சாத்துகிறார்கள். அதைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுகிறோம். சாமிக்கு அசிங்கம் இல்லாதது எனக்கு எப்படி அசிங்கம் என்று கேட்டேன்.

"நான்தாம்மா டாக்டரக் கேட்டேன்," என்றார் என் வீட்டுக்காரர். அவர் கேட்டது ஒன்றுதான். ஆனாலும் என் பக்கம் நின்று சொன்னார்.

மாமியார் சீயக்காயைப் புரட்டிவிட்டார்கள். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனதும் மெதுவாகச் சொன்னார்கள்.

"எனக்கும் எடுத்தாங்களேடி. வயித்த அறுத்து. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. உங்க மாமா பயந்துக்கினு கெணத்து மோட்டார் கொட்டாய்க்குப் பாயைத் தூக்கினு போனவரு. சாவற வரிக்கும் அங்கதான் படுத்தாரு. எங்கிட்டதான் ஏதோ கொறைன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன். உனக்கும் அப்பிடி ஆயிடக் கூடாதுன்னுதான் அவசரப்பட்டேன்."

மாமியார் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் இருப்பது போகவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதில், கட்டினவளை வைத்துக்கொண்டே ஒரு மனுஷன் மோட்டார் சத்தத்தில் தனியாகக் கிடந்து செத்திருக்கிறார். என் மாமியார் தன்மேல்தான் ஏதோ குறை என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறார்கள். இதற்கு யார் பதில் சொல்வது?

அன்று முதல் என் பாய் அவர் பாய்க்குப் பக்கத்தில் விரித்தாயிற்று. மற்றதற்கு டாக்டரம்மா சோதித்துச் சொல்லும் வரை இருவரும் பொறுத்தோம். சொன்ன பிறகும் பயந்து பயந்துதான். ஒரு கெடுதலும் வரவில்லை. அடுத்த முறை நான் டாக்டரிடம் காட்டப் போகும்போது நைனார்பாளையத்து அக்காவையும் கூட்டிப் போனேன், அவள் வீட்டுக்காரரோடு. வாசலில் அவரை நிறுத்தப் பார்த்தார்கள். அவரையும் உள்ளே விடும் வரை நான் நகரவில்லை.