சுமைதாங்கியாகிப்போன கோல் கம்பம்

முப்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் அது. கும்பப்பூ அறுவடை முடிந்து, வடசேரிக்கு அப்பால் வயல்களெல்லாம் வெறும் தாளோடு காய்ந்து கிடந்தன. நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர், முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ரக்பி ஆட்டத்தை எங்களுக்குப் பழக்கிவிட்டிருந்தார். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். திருவிதாங்கூருக்கு நாங்கள், இலங்கைக்கு அங்குள்ள தேயிலைத் தோட்டத்து ஆட்கள், பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் திருநெல்வேலிக்காரர்கள். மூன்று நாட்டுப் போட்டி என்று பெரிதாகப் பெயர் வைத்துவிட்டார் துரை. மூன்று நாட்டுக்காரர்களுக்கும் ஆட்டம் அரைகுறைதான் என்பதால் யாருக்கும் வெட்கமில்லை.

முதல் ஆட்டம் எங்களுக்கும் இலங்கைக்கும். கோல் கம்பம் நடும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு கமுகு மரங்களை நட்டு, அவற்றுக்கு நடுவே ஒன்றைக் குறுக்காகக் கட்ட வேண்டும். குறுக்கு மரம் ஆள் உயரத்துக்கு மேலே நன்றாக ஏறி நிற்க வேண்டுமாம். காலையில் நான் ஒற்றை ஆள். அதனால் இப்போதைக்குத் தோள் உயரத்தில் கட்டிவைப்போம், மற்றவர்கள் வந்ததும் தூக்கிக் கட்டலாம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் மணக்குடி அம்மாள் சந்தைக்குப் போகிற வழியில் வரப்பை விட்டு இறங்கி வந்தார். தலையிலிருந்த கூடையை அந்தக் குறுக்கு மரத்தின் மேல் இறக்கிவைத்தார். அதன்பிறகுதான் என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"வாத்தியாரே, இது ஆருக்கு? நம்ம பிள்ளைக்கா?"

"எனக்குத் தலைக்கு மேல வேல கெடக்கு. நீங்க போங்க," என்றேன் எரிச்சலோடு.

கமுகைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி போனார். நாங்கள் ஜெயிக்கத்தான் ஜெபிக்கிறார் என்று நினைத்தேன், சத்தியமாக! எங்கள் பக்கத்தில் வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி இறந்துபோனால், அவள் இறக்கிவைக்காமல் போன சுமைக்காக வழியோரம் சுமைதாங்கி நடுவார்கள். இரண்டு தூண், தோள் உயரத்தில் குறுக்கே ஒரு கல். கல்லுக்கு வக்கில்லாதவன் கமுகை நட்டிருக்கிறான் என்றே அவர் நினைத்திருக்க வேண்டும். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். இதெல்லாம் பிறந்ததிலிருந்து தெரிந்ததுதான். அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

மாலை நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. குறுக்கு மரத்தை அதற்குள் உயர்த்திக் கட்டியிருந்தோம். வரப்பெல்லாம் ஜனம். பாதி ஆட்டத்தில் எங்கள் மாதா கோயில் மணி அடித்தது. ஒரு அடி. நீண்ட அமைதி. மறுபடி ஒரு அடி. சாவுக்கு அடிக்கிற துட்டி மணி. துரை விசில் ஊத, இருபத்தாறு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். "ஆருக்கோ காலம் முடிஞ்சுட்டு" என்று பக்கத்தில் நின்ற இலங்கைக்காரரிடம் சொன்னதே நான்தான். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். நானும் தலை குனிந்தேன்.

மணி நின்றது. மறுபடி விசில். பந்து என்னிடம் வந்தது. இரண்டு பேரைத் தள்ளிவிட்டு ஓடி, கோட்டைத் தாண்டி விழுந்து பந்தைத் தரையில் ஊன்றினேன், புள்ளி எங்களுக்கு. எழுந்து பார்த்தால் ஒருவரும் கை தட்டவில்லை. அத்தனை ஜனமும் என்னையே பார்த்துக்கொண்டு வாயடைத்து நின்றது. நான் ஒரு அடி வைத்தால், கிட்ட நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, எனக்குக் குளிரெடுத்தது.

எங்கள் தெருக்காரர் ஒருவர்தான் வாயைத் திறந்தார். "ஏலே மக்கா, ஒனக்கு என்ன நெஞ்சுலே? ஊரெல்லாம் சேதி வந்தாச்சு, மணி ஒன் வீட்டுக்குல்லா அடிச்சுது!"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. வாசல் வரை போய்விட்டேன், உள்ளே கால் வரவில்லை. அந்த நிமிஷத்தில் நான் செத்துத்தான் பிழைத்தேன்.

உள்ளே, கட்டிலில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். உயிரோடு. விசிறிக்கொண்டு. மீன்கார அம்மாள் சந்தை கலைந்த பிறகு, சாயங்காலம்தான் வடசேரியில் காய்கறிக் கடை வைத்திருக்கும் என் மைத்துனரிடம் போய் அழ, அவர் கோயிலுக்கு ஆளனுப்பிவிட்டு, அழுதுகொண்டே இங்கே ஓடிவந்திருக்கிறார். மணியைக் கேட்டுச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மாரில் அடித்துக்கொண்டு நுழைந்தார்கள். அவளைப் பார்த்ததும் அலறிப் பின்வாங்கினார்கள். அவளுடைய பெரியம்மா அழுவதை நிறுத்தாமலே குனிந்து, அவள் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தார்.

பந்து இன்னும் என் கக்கத்தில் இருந்தது. என் மனைவி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு அடிச்ச மணிய நான் அடுப்படியில நின்னு கேட்டேன். ஒங்களுக்குக் கேக்கல்லியா?"

"கேட்டுது."

"நெறமாசக்காரி வீட்டுல இருக்காளே, அவளா இருக்குமோன்னு ஒரு தடவகூடத் தோணல்லியா?"

பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டேன். ஐந்தாம் நாள் பெண் குழந்தை பிறந்தது, இருவரும் சுகம். போட்டியில் இலங்கை ஜெயித்ததாகச் சொன்னார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தன் துட்டிக்குத் தானே காப்பி போட்டுக் கொடுத்த கதையை அவள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அவளுக்கு அடித்த மணிக்கு யாரோ ஒருவருக்கென்று தலை குனிந்துவிட்டு, அடுத்த நிமிஷமே பந்துக்குக் கை நீட்டினேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.