பூட்டு உடையாத திருட்டு

காவல் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: எதுவும் நடக்காத வரை நம்மை யாரும் பார்ப்பதில்லை, ஏதாவது நடந்துவிட்டால் நம்மைத் தவிர யாரையும் பார்ப்பதில்லை.

பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடந்த வருஷங்களில் நான் இருந்த ஃபேக்டரியை மூடினார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கு என்ன கிடைக்கும்? சான்றிதழ் கொடுக்கும் ஓர் அரசாங்க ஆபீஸில் காவலுக்குச் சேர்ந்தேன். காலையில் திறக்க வேண்டும், சாயங்காலம் பூட்ட வேண்டும். நீலகிரியில் எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ஆட்களை மட்டும் மறக்கவில்லை.

வளைவில் நின்று கத்தியவர்

எங்கள் ஆபீசுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காது. பஸ் நிற்கும் வளைவில், சில்வர் ஓக் மரத்தடியில்தான் கிடைக்கும். அதிகாரி முக்கால்வாசி நாள் கேம்ப் என்று வெளியூர் போயிருப்பார். வெப்சைட்டைத் திறக்கும் பாஸ்வேர்டு அவருக்கு மறந்துபோகும். வளைவில் இருக்கும் டீக்கடைக்குப் போன் போட்டுச் சொல்லுவார்; உடனே கிளார்க் அங்கே ஓடிப்போய், மழைச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லுவார். ஊர்ப் பேர், பிறகு ஒண்ணு, ரெண்டு, மூணு. அவ்வளவுதான்.

பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாரும் கேட்பார்கள். ஒருநாள் டீக்கடைச் சேட்டன் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சாரே, எதுக்கு இந்தச் சத்தம்? எங்க கடைப் பூனைக்கே அது மனப்பாடம்."

பார்வதி வந்தாள்

சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள் பார்வதி. பெற்றோர் சிலோனிலிருந்து வந்தவர்கள். மகள் சுகன்யாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழ் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள். சிலோன் பேப்பர் சரியில்லை, அது இல்லை, இது இல்லை என்று அவளை எத்தனையோ தடவை திருப்பி அனுப்பினார்கள். எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கொடுத்த சமயம் அது. அதிலும் ஒருநாளை இங்கே வந்து தொலைப்பாள்.

ஒருவழியாக அதிகாரி ஒப்புதல் கொடுத்தார். "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுங்க. பிரிண்டர்ல மை இல்லீங்க, திங்கக்கெழம வாங்க" என்றார் கிளார்க். வியாழக்கிழமை கல்லூரியில் கடைசி நாள். பார்வதி சிரித்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். கேட்டைத் தாண்டும்போது என்னிடம் கேட்டாள்: "அண்ணே, கம்ப்யூட்டர்ல இருக்கிறது எங்கயும் போயிடாதில்ல?"

திங்கட்கிழமை

நான்தான் திறந்துவிட்டேன். பூட்டு நன்றாகத்தான் இருந்தது. கிளார்க் கம்ப்யூட்டரைப் போட்டார். வெப்சைட் வரவேண்டிய இடத்தில் கறுப்புத் திரை, ஒரு மண்டை ஓடு, புரியாத எழுத்து. பாட்டு வேறு. கிளார்க் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏய்யா, நேத்து லீவு நாள்ல யாரை உள்ள விட்டே?"

சாவியை என் கையிலிருந்து வாங்கி எல்லார் முன்னாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியர் வந்தார். அதே நாளில் ஏழெட்டு நாட்டு ஆபீஸ்களில் இதே மண்டை ஓடு வந்ததாம். பாஸ்வேர்டைச் சுலபமாகக் கண்டுபிடித்து உள்ளே வந்துவிட்டானாம், எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தான் என்றே தெரியவில்லையாம். எல்லாம் அழிந்துபோனது. நகல் எடுத்து வைத்திருந்தார்கள், அதே வெப்சைட்டுக்குள்ளேயே. சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதை. இன்ஜினியர் என் தோளைத் தட்டினார்: "பெரியவரே, வந்தவன் உங்க மலையை மேப்புல கூடப் பார்த்திருக்க மாட்டான்."

கிளார்க் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எது காணாமல் போனது

பார்வதி திங்கட்கிழமையிலிருந்து தினமும் வந்தாள். வியாழக்கிழமை சுகன்யாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அதிகாரி கெட்டவர் இல்லை. "உங்க முகம் ஞாபகம் இருக்கும்மா. ஒப்புதல் கொடுத்ததும் நான்தான். ஆனா கையால எழுதிக் கொடுத்தா காலேஜ்ல எடுத்துக்க மாட்டாங்க, கம்ப்யூட்டர்ல வந்தாத்தான் செல்லும். முதல்லயிருந்து மனு போடுங்க" என்றார்.

பார்வதி சத்தம் போடவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க இருக்கீங்க, ஒங்க ஞாபகம் இருக்கு, நானும் எம்புள்ளயும் இங்கதான் நிக்கிறோம். அப்ப எதுங்கய்யா காணாமப் போச்சு?"

புது பாஸ்வேர்டு

வெப்சைட் திரும்பி வர மாதக்கணக்காயிற்று. அதற்குள் நர்சிங் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. மறு வருஷம் வரை காத்திருக்க வீட்டில் வழியில்லை, எஸ்டேட்டையே மூடிவிட்டார்கள். ஒருநாள் சில்வர் ஓக் மரத்தடியில் சுகன்யாவைப் பார்த்தேன். பையோடு கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நின்றாள். ஏதோ மில்லில் வேலையாம்.

அப்போது கிளார்க் போனும் கையுமாக ஓடிவந்து, முன்போலவே கத்த ஆரம்பித்தார். சுகன்யா தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டாள். பஸ் வந்தது. படியில் கால் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "மாமா, கடைசியில ஒரு நாலு மட்டும் சேத்திருக்காங்க."

நான் காத்த பூட்டை இன்றுவரை யாரும் உடைக்கவில்லை.