விசிறி விரிக்காத மாப்பிள்ளை

கல்யாணப் படம் எடுப்பவன் மாப்பிள்ளையைப் பார்த்து ‘கொஞ்சம் சிரிங்க’ என்று சொல்லலாம். ஓணானைப் படம் எடுப்பவனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. சின்னமனூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நான் இரண்டையும் செய்கிறேன்.

விசிறித்தொண்டை ஓணான் என்று ஒன்று உண்டு. விரல் நீளம்தான் உடம்பு. கோடையில், வெயில் ஏறியதும், ஆண் ஓணான் கல்லின் மேல் நின்று தாடைக்குக் கீழே மடித்து வைத்த விசிறியை விரித்துப் பெண்ணைக் கூப்பிடும். முகூர்த்தங்களும் அதே மாதங்களில்தான் வந்து தொலைக்கும். விரிந்த விசிறியை ஒரே ஒரு படம் எடுத்துவிட மூன்று கோடையாக அலைந்தேன். ஒரு படத்துக்காக நெருஞ்சி முள்ளில் குப்புறப் படுத்த சகோதரர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

அளக்க வந்தவன்

பொட்டிப்புரம் பக்கம் ஒரு தரிசில் கல்மேடு இருக்கிறது. அதில்தான் என் ஆளின் குடியிருப்பு. முதல் கோடையில் ட்ரைபாடை நிறுத்திவிட்டுப் படுத்தேன். மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் கட்டப்போவதாகப் பேச்சு வந்ததிலிருந்து, அந்த ஊரில் மூன்று கால் சாமானோடு யார் வந்தாலும் நிலம் அளக்க வந்தவன் என்றுதான் சந்தேகம். நிலத்துக்காரி ஈஸ்வரி அக்கா நாலு பேரோடு வந்து நின்றார். ஓணான் ஓடியே போய்விட்டது.

ஓணானைப் படம் எடுக்க வந்ததாகச் சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அளக்க வந்தவுகள்ல நீங்கதான் தம்பி புதுசா ஒரு பொய் சொல்லுறீக.”

தாலியும் பல்லியும்

ஒரு கல்யாண மண்டபத்தில் தாலி ஏறும் நேரம் விட்டத்திலிருந்து பல்லி சத்தம் கொடுத்தது. பழக்க தோஷம், என் கேமரா மேலே போய்விட்டது. வீடியோ எடுக்கும் என் மனைவி செல்வி மட்டும் தாலியைப் பிடித்திருந்தாள். என்னிடம் இருந்தது பல்லியின் மூன்று படங்கள்.

பெண்ணின் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். கேமராவை நீட்டினேன். அவர் படத்தை உற்றுப் பார்த்தார்.

“முகூர்த்தத்துக்குப் பல்லி சொல்லுச்சுன்னா சம்பந்தி நம்ப மாட்டேன்னாக. இதை ஆல்பத்துல மொதப் பக்கத்துல போடுங்க.”

இடது தோள்

அந்த ஆல்பம் ஊர் சுற்றியதில் எனக்கு ஜோசியர் பட்டம் கிடைத்தது. போடியிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி தன் இடது தோளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு போன் செய்தார். பல்லி விழுந்ததாம், பலன் வேண்டுமாம். விழுந்த வேகத்தில் பல்லிக்கு வால் போயிருக்குமே, பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“வாலை விடுங்க தம்பி, சரக்கை இன்னைக்கு ஏலத்துக்கு விடவா வேணாமா?”

கல்மேடு

இதற்குள் ஈஸ்வரி அக்கா என்னை நம்பத் தொடங்கியிருந்தார். நான் படுத்திருக்கும் போதெல்லாம் வரப்பில் நின்று “விரிச்சானா?” என்று கேட்பார். விரித்தபாடில்லை. நான் திரும்பியதும் விரிக்கும். நான் படுத்ததும் மடக்கும்.

மூன்றாம் கோடையில், கம்பத்தில் ஒரு முகூர்த்தத்தில் இருந்தபோது அக்கா போன் செய்தார். முருங்கை வைக்கப் போகிறார். பதினோரு மணிக்கு ஜேசிபி வந்து கல்மேட்டை வாரிவிடும். எனக்கு அழுகை வராத குறை. “பந்தியை நான் எடுத்துக்கிறேன், கெளம்புங்க” என்றாள் செல்வி.

போய்ச் சேரும்போது ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. அக்கா டிரைவரை நிழலில் உட்கார வைத்திருந்தார். உச்சிக் கல்லில் என் ஆள். அன்றைக்கு என்ன நினைத்ததோ, முழு விசிறியையும் விரித்தது. வெயில் அதற்குள் புகுந்து தெரிந்தது. என்னை அறியாமல் “அப்படியே இருங்க சார், இன்னொண்ணு” என்றேன். டிரைவர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண் ஓணான் ஒன்று வந்தது, ஓர் எறும்பைப் பிடித்துத் தின்றது, தன் வழியே போனது.

அக்கா கேமராவில் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டிரைவரிடம் திரும்பினார்.

“இம்புட்டு விரிச்சும் அவ திரும்பிக்கூடப் பாக்கல. கல்லு அங்கனயே கெடக்கட்டும், நாளைக்கும் விரிச்சுப் பாக்கட்டும். நீ அந்தப் பக்கமாத் தோண்டு.”

நான் படம் எடுத்த மாப்பிள்ளைகளிலேயே, பெண் சரி என்று சொல்வதற்கு முன்பே சொந்த வீடு அமைந்தது இவன் ஒருவனுக்குத்தான்.