திரையில்லாத கம்ப்யூட்டர்

எல்வினின் கம்ப்யூட்டருக்குத் திரை கிடையாது. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் அவர். அந்த வேலையே இல்லாமல் போனபோது, நிர்வாகம் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்து அனுப்பியது.

"திரையை நீங்களே வச்சுக்குங்க ஃபாதர். எங்க வீட்ல அதை யாரு பாக்கப் போறா?" என்று பள்ளியை நடத்திய பாதிரியாரிடம் சிரித்தார் எல்வின். இருபத்தெட்டு வயதில் கண் நரம்பு செத்துப் பார்வை போனவர். டைப் அடித்ததை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்று அதற்குள் இருந்தது. அது போதும் அவருக்கு.

அப்போதே அவரை ஒரு பயம் பிடித்திருந்தது. பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டு வந்தன. ஒரு நாள் மஞ்சள் நிறத்தை நினைத்துப் பார்த்தார். சொல்தான் வந்தது, நிறம் வரவில்லை. மிச்சமும் போய்விடுமுன் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தார். ஏரியில் படகுக்குச் சாயம் பூசிவிட்டு வந்த அப்பாவின் பச்சைக் கை, பேரி மரங்கள் பூத்து நின்ற சரிவு, கூடப் படித்த ஒருத்தியின் தெற்றுப்பல். அந்தத் தெற்றுப்பல்லுக்காகவே மனைவி அருள்மேரியிடம் மூச்சுவிடவில்லை. பார்வை போன பிறகு கட்டிக்கொண்டவள் அவள். காதில் இயர்போனோடு அவர் உட்கார்ந்திருந்தால் ஜெபம் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். பல வருஷம் எழுதினார். எழுதியதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் நிம்மதியாக மறக்கவும் செய்தார்.

ஐப்பசிக் காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. வந்த பிறகு கம்ப்யூட்டரைப் போட்டார். அதற்குள் விசிறி சுற்றியது, குரல் வரவில்லை. அணைத்துப் போட்டார், என்டரைத் தட்டினார், வாரம் முழுக்க இதே கதை. கடைசியில் அருள்மேரி அதைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வத்தலக்குண்டு ரிப்பேர் கடைக்குப் பஸ் ஏறினாள். கால் சுளுக்கிக் கிடந்ததால் அவர் போகவில்லை.

கால் சரியானதும், அதைத் திரும்ப வாங்க இருவருமாகப் போனார்கள். கடைக்காரர் சிவமுருகன் தன் திரையொன்றை மாட்டிக் காட்டினார்.

"பாருங்கக்கா, பளிச்சுன்னு வந்துருச்சு."

"ஆமாங்க! மலைப் படமெல்லாம் தெரியுது" என்றாள் அருள்மேரி.

எல்வின் காத்திருந்தார். "பேசலையே தம்பி?"

"என்ன சார் பேசணும்?" என்றவர், அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "அட, அந்தக் குரலா! சும்மாவே கெடைக்கும் சார், வெரசாப் போட்டுத் தாரேன்."

சற்று நேரத்தில் குரல் வந்தது. எல்வின் தன் கோப்புகளைத் தேடிப் போனார். எதுவும் இல்லை என்றது குரல். மறுபடி தேடினார். மறுபடியும் அதையே சொன்னது.

"உள்ள இருந்ததெல்லாம்?"

"பழைய விண்டோஸ் ஆமையாட்டம் கெடந்துச்சு சார். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசு போட்டேன். முக்கியமா எதுவும் இருக்கான்னு அக்காகிட்டக் கேட்டேனே?"

"ஜெபமும் பாட்டும்தானேங்க? போன்லயே கெடைக்கும்னு சொல்லிட்டேன்" என்றாள் அருள்மேரி.

எல்வின் பெட்டியைத் தொட்டுக் கேட்டார். "எது கெட்டுப் போயிருந்துச்சு?"

"ஒண்ணுமே கெடல சார். உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி, அது தீந்துருச்சு. கரண்ட் இல்லாததுல தேதி மறந்து போச்சு. கீபோர்டுல எஃப் ஒன்னை அமுக்குன்னு திரையில எழுதிக் காட்டிட்டு நிக்கும். அமுக்கியிருந்தா ஓடியிருக்கும்."

அழிந்ததைத் தோண்டி எடுக்க சிவமுருகன் மத்தியானம் வரை பாடுபட்டார். துண்டு துண்டாகக் கிடைத்ததில் ஒரு வரிகூட வாசிக்கும்படி இல்லை.

மலையேறும் பஸ்ஸில் அருள்மேரி கேட்டாள். "அப்படி என்னங்க இருந்துச்சு அதுல?"

"கண்ணு இருந்தப்ப நான் பாத்ததெல்லாம்."

அவள் அவர் கையைப் பிடித்தாள். "திரும்ப எழுதுங்க. மறந்ததை நான் சொல்றேன்."

"அப்ப நீ இல்லையே மேரி."

மறுநாள் காலை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். 'அம்மா நடக்கும்போது' என்று டைப் அடித்தார். அதற்கு மேல் விரல் நகரவில்லை. அம்மா எப்படி நடப்பாள்? வாசித்துக் காட்டும் பொத்தானை அழுத்தினார். "அம்மா நடக்கும்போது" என்றது குரல். இன்னொரு முறை அழுத்தினார். அதையேதான் சொன்னது. சுவரைத் தடவி சுவிட்சை அணைத்தார்.