மீக்கா கடித்துப் பார்த்த மணல்மேடு

மீக்காவுக்குக் கடல் என்றால் உயிர். கடலுக்குத்தான் மீக்காவைக் கண்டால் ஆகாது.

எங்கள் ஆராய்ச்சிப் படகு வெஸ்ட்டெய்ன் துறைமுகத்தின் கல்சுவரைத் தாண்டி முதல் அலையில் மூக்கை வைத்ததும் அவள் முகம் சுண்ணாம்பாகிவிடும். அடுத்த அலைக்குள் கம்பியைப் பிடித்துக் குனிந்துவிடுவாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, "சரி, வேலையைப் பார்ப்போம்" என்பாள். வட கடலின் அடித்தரையை ஆராய்வதில் பேர் வாங்கிய டாக்டர் அவள். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள் என்பதால் நான் மட்டும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். என் பெயர் நெஸ்டர். அந்தப் படகில் கிரேன் ஓட்டுகிறேன்.

எங்கள் பெல்ஜியக் கரைக்கு எதிரே கடலடி தட்டையாக இல்லை. நீளநீளமான மணல்மேடுகள் நீருக்குள் படுத்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஊர் நீளம் இருக்கும். கரைக்குப் பக்கத்தில் இருப்பதை மீனவர்கள் 'தூங்குமூஞ்சி' என்று சொல்வார்கள், யாருக்கும் நினைவு தெரிந்து அது இடம் மாறியதில்லை. மீக்கா டாக்டர் பட்டம் வாங்கியது அந்தத் தூங்குமூஞ்சியை ஆராய்ந்துதான். அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், "அவளுக்குத்தான் தூங்குமூஞ்சி இருக்கே, இன்னொரு தூங்குமூஞ்சி எதுக்கு?" என்று துறைமுகத்துப் பெண்கள் சிரிப்பார்கள். சொன்னவர்கள் வீட்டுக்காரர்களைப் பார்த்தால் அதில் நியாயம் இருப்பது தெரியும்.

படகுச் சமையல்காரர் ஒடிலோனுக்கு மட்டும் அவளிடம் தீராத மனத்தாங்கல். ப்ரூஜ் நகரத்தில் பெரிய ஓட்டலில் சமைத்தவர், மனைவி இறந்த பிறகு படகுக்கு வந்தவர். அவருடைய வெங்காயத்தாள் சூப்புக்காகவே எங்கள் கேப்டன் வேலையை விடாமல் இருந்தார். மீக்கா அதில் இரண்டு கரண்டி குடிப்பாள், கம்பியை நோக்கி ஓடுவாள். அதுகூடப் பரவாயில்லை. கடலடியிலிருந்து குழாயில் ஈர மண் மேலே வந்ததும் ஒரு கிள்ளு எடுத்து முன்பல்லில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல அரைப்பாள். மணலா, வண்டலா, களிமண்ணா என்று கண்ணுக்குத் தெரியும் முன்பே பல் கண்டுபிடித்துவிடுமாம். அப்போது அவள் முகத்தில் தெரியும் சந்தோஷம்தான் ஒடிலோனால் தாங்க முடியாதது.

"பார்த்தியா நெஸ்டர்? என் சூப்பு மீனுக்கு. சேறு மட்டும் அம்மாவுக்கு அமிர்தம்."

"அவ முழுங்கலையே, துப்பிடறாளே."

"ருசிச்சுட்டுத் துப்பறாங்க. என் சூப்பை ருசிக்காமயே துப்பறாங்க. ரெண்டும் ஒண்ணா?"

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு குளிர்காலத்தில் புயல்மேல் புயலாக வந்து ஊர்க் கடற்கரையைச் சுரண்டிவிட்டது. மணலுக்கு இறங்கும் படிகள் அந்தரத்தில் தொங்கின. கோடையில் குளிக்க வருகிறவர்களை நம்பித்தான் எங்கள் ஊரே இருக்கிறது. மேயர் ஹெர்மான் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார்: தூங்குமூஞ்சியிலிருந்து மணலை உறிஞ்சிக் கரையில் கொட்டுவது. அதற்கு ஆதாரமாக அவர் காட்டியதே மீக்கா அந்தக் காலத்தில் எழுதிய ஆய்வுதான். 'உச்சி முதல் அடி வரை நல்ல மணல்' என்று அதில் ஒரு வரி இருந்தது.

மீக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்பவர்கள்கூட அவள் எழுதியதைப் பற்றிப் பேசினார்கள். எந்த இடத்தில் முதலில் உறிஞ்சலாம் என்று பார்த்துச் சொல்லும்படி நகராட்சி கேட்டதும், துள்ளிக்கொண்டு படகில் ஏறினாள்.

"இந்தத் தடவை உச்சியில வேணாம். சரிவுல குத்து, நெஸ்டர்" என்றாள். அவள் படித்த காலத்தில் எங்களிடம் இருந்தது குட்டைக் குழாய். உச்சியில் மட்டும் குத்தினோம், மணல் வந்தது, கீழேயும் அதுதான் என்று அவள் ஊகித்துக்கொண்டாள். இப்போது இருப்பது நீளக் குழாய், அதிர்ந்து அதிர்ந்து ஆழமாக இறங்கும்.

குழாயைத் தூக்கித் தளத்தில் கிடத்தி நெடுக்காகப் பிளந்தோம். மேலே ஒரு கை நீளத்துக்குப் பொன்னிற மணல். அதற்குக் கீழே கடைசி வரை நீலச் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. மேல்மணலை அவள் கடித்தபோது நறநறவென்ற சத்தம் எனக்கே கேட்டது. கீழே இருந்ததைக் கடித்தாள். சத்தமே இல்லை.

"வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றாள்.

சமையலறை ஜன்னல் படாரென்று மூடியது.

வேறு சரிவில் குத்தினோம். அங்கும் அதே சேறு. இன்னோர் இடம், அங்கேயும். அவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒடிலோன் சூப்பை நீட்டியதும் வாங்கி, கிண்ணம் காலியாகும் வரை குடித்து, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தார்.

"முழுசா குடிச்சுட்டாங்கப்பா! என்ன கேடு நடந்துச்சு, சொல்லு!"

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மேல இருக்கிற மணலை மட்டும் எடுத்துக்கிட்டா என்ன?"

"அது சேத்து மேல போத்தின போர்வை, நெஸ்டர். உருவிட்டா அடுத்த புயல்ல மேடே கரைய ஆரம்பிச்சிடும். பெரிய அலையெல்லாம் இப்போ அது மேல மோதித்தான் பாதி ஒடையுது. அது இல்லைன்னா நேரா ஊருக்குத்தான்."

"அப்போ நீ எழுதினது?"

"தப்பு" என்றாள். சொல்லிப் பழகுகிறவள்போல் இன்னொரு தடவையும் சொன்னாள். "தப்பு."

நகராட்சி மண்டபத்தில் கூட்டம். பிளந்த குழாய்களை மேடைமுன் மேசையில் அடுக்கியிருந்தோம். விஷயம் தெரியாத மேயர் எழுந்து, நம் ஊர்ப் பெண், நம் ஊர்ப் பெருமை என்றெல்லாம் பேசி, அந்த வரியை உரக்கப் படித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கும் வரை மீக்கா காத்திருந்தாள்.

"அந்த வரியை எழுதினவ நான்தான். அது தப்பு. அடியில இருக்கறது சேறு."

ஓட்டல்காரர் ஒருவர் எழுந்தார். "இத்தனை வருஷமா அதையேதானே பார்த்துட்டு இருந்தீங்க? என்னத்தைப் பார்த்தீங்க?"

"மேல் பாதியை" என்றாள் மீக்கா.

மண்டபமே சிரித்தது. அவள் காது சிவந்துவிட்டது. மேயர் குழாய்கள்மேல் குனிந்து பார்த்தார். "கொஞ்சம் கறுப்பா இருக்கு. மத்தபடி என் கண்ணுக்கு எல்லாம் ஒரே மணலாத்தான் தெரியுது, டாக்டர்."

"கண்ணு வேணாம். கடிச்சுப் பாருங்க."

யாரும் அசையவில்லை. மேயர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்போது கடைசி வரிசையில், தேவாலயத்துக்குப் போடும் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்த ஒடிலோன் எழுந்தார். மேசைக்கு வந்தார். மேல்மணலைக் கடித்தார், நறநற. கீழே இருந்ததைக் கிள்ளி நாக்கில் வைத்து, கண்ணை மூடி, மண்டபத்தைக் காக்க வைத்தார்.

"உப்பு தூக்கல்" என்றார். பிறகு மேயரைப் பார்த்து, "இது மணல் இல்லைங்க. கூழு. இதைக் கரையில கொட்டினீங்கன்னா குளிக்க வர்ற சனம் பன்னி மாதிரிதான் வீட்டுக்குப் போகும்."

அதற்குமேல் மேயர் ஒதுங்க முடியாது. வாக்காளர்கள் பார்க்கிறார்கள். வீரமாக ஒரு பிடி மேல்மணலை அள்ளி, பின்பல்லில் வைத்து ஒரே கடி. மறுநொடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பல்லுக்குப் போட்டிருந்த உறை கழன்று விழுந்துவிட்டது.

"அதுதான் மணல்" என்றாள் மீக்கா ஆறுதலாக.

அந்தப் பல் உறையை மேசையில் தேடிய நாலு பேரும் ஆளுக்கொரு கிள்ளு வாயில் போட்டுக்கொண்டார்கள். பிறகு வரிசையே நின்றது. கடைசியில், தூங்குமூஞ்சியைத் தொடுவதில்லை, தூரத்து மேடு ஒன்றைப் பார்ப்பது, அதன் சரிவுகளிலும் குத்திப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது என்று தீர்மானமாயிற்று. ஓட்டல்காரர் மட்டும் போகும்போது, "முன்னாடியே பார்த்திருக்கலாம்" என்றார். "ஆமாம், பார்த்திருக்கலாம்" என்றாள் அவள்.

வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒடிலோன் ஓடிப்போய் எதிர்க் கடையில் காபி வாங்கி வந்து கொடுத்தார்.

"பயமா இருந்துச்சா, டாக்டரம்மா?"

"கடல்ல போறதைவிட மோசம். நீங்க எந்திரிக்கலைன்னா நான் அழுதிருப்பேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. அன்னைக்கு முழுசா குடிச்சீங்களே, என் சூப்பு... எப்படி இருந்துச்சு?"

மீக்கா யோசித்தாள். "எந்தச் சூப்பு?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் திரும்பிக்கொண்டேன். அவர் கோபித்துக்கொண்டு போவார் என்றுதான் நினைத்தேன். சிரித்துவிட்டார். "அப்போ தரையில வந்து குடிச்சாத்தான் ஆகும். ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார். அவள் போனாள். அடுத்த ஞாயிறும் போனாள். அடுத்த வருஷம் அவர் வீட்டு அழைப்பு மணிக்குப் பக்கத்தில் அவர் பெயரோடு அவள் பெயரும் இருந்தது. துறைமுகத்துப் பெண்களுக்குப் பேச வேறு விஷயம் தேட வேண்டியதாயிற்று.

தூரத்து மேடு எங்கே குத்தினாலும் நல்ல மணலாக இருந்தது. அந்த வசந்தத்திலேயே பெரிய கப்பல் வந்து உறிஞ்சிக் கொண்டுவந்து கொட்டியது. படிகள் தரையைத் தொட்டன, கோடை நன்றாகப் போயிற்று. இலையுதிர்காலத்தின் முதல் புயல் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மேயர் காலையிலேயே மழைக்கோட்டோடு கடற்கரைக்கு வந்துவிட்டார்.

"எங்கே போச்சு டாக்டர், நம்ம மணலு?"

"தெரியலையே" என்றாள் மீக்கா. அவ்வளவு சந்தோஷமாக யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. என் பக்கம் திரும்பினாள். "நெஸ்டர், திங்கட்கிழமை கிரேன் சும்மாதானே இருக்கு?"