அகதா அக்காவின் மூக்கு

அகதாவுக்கு வாசனை தெரியாது. கோவிட் வந்து போனபோது அதுவும் போனது, நான்கு வருடமாகிறது. ஈப்போ நகருக்கு வெளியே, ரப்பர் பாலைச் சோதிக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா, ரப்பர் பால் உறையாமலிருக்க ஸ்டோரில் அமோனியா ஊற்றுகிறவர். அந்த நெடியோடு வளர்ந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கசிவை எல்லாருக்கும் முன்னால் முகர்ந்து சொன்னார். அதற்குப் பிறகு வாயு அளக்கும் கருவியை யாரும் வாங்கவில்லை. "அகதா அக்கா மூக்கு இருக்கு, மெஷின் எதுக்கு லா" என்பார்கள்.

இப்போது மின்கம்பிகளை மாற்ற ஆய்வுக்கூடம் ஐந்து நாள் அடைப்பு. காலையிலிருந்து ஓவன்களை ஆறவிட்டார், வெந்நீர்த் தொட்டிகளை வடித்தார், தராசுகளுக்கு உறை போட்டார். புகை உறிஞ்சும் விசிறி நின்று ஒரு மணி நேரம். மூடும் முன் சரிபார்க்கும் பட்டியலில் ஒரு வரிதான் மிச்சம்: அமோனியா நெடி இல்லை.

பாதுகாப்பு அதிகாரி சுகுமார் போனும் கையுமாக வாசலில் நின்றார். "அக்கா, மோந்து பாத்து சைன் போடுங்க. சீக்கிரம் லா, எனக்கு காம்பார் வரைக்கும் போணும்."

அகதா அமோனியா அலமாரியின் கண்ணாடியை உயர்த்தி மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. விசிறி ஓடிய நாட்களில் துணிந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். இது காற்றே அசையாத ஐந்து நாள். உள்ளே சுற்றி வரப்போவது காவலாளி அப்பாவு ஒருவர்தான், அவரும் ஆஸ்துமாக்காரர். கண் லேசாகக் கரித்தது. பயத்தாலா, அமோனியாவாலா, தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து உள்ளே நீட்டினார். ஓரம் மெல்ல நீலமானது: அமோனியா கசிகிறது.

"என்னக்கா, தாள் சோதனையெல்லாம் பலமா இருக்கு?" சிரித்தபடி வந்த சுகுமார் இருமி மூக்கைப் பொத்தினார். "இவ்வளவு நெடி அடிக்குது. பக்கத்துல நிக்கிறீங்க, தெரியலையா?"

இப்பதான் சொல்ல வந்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியல தம்பி. நாலு வருசமா எதுவும் தெரியல."

"அப்ப இத்தன நாளா போட்ட சைனெல்லாம்?"

அகதா அலமாரியில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

ஒன்றின் மூடி விரிசல் விட்டிருந்தது. ஜன்னல்களைத் திறந்து, மூடியை மாற்றி, நெடி போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். கடைசி வரியில் சுகுமார் தன் பெயரை எழுதினார்.

"திறக்கிற அன்னிக்கு மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லிருங்க அக்கா. நான் சொன்னா நல்லா இருக்காது."

"சொல்றேன்."

"சொல்லிருவீங்கல்ல?"

அகதா தலையாட்டினார். அதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.